மாமாவின் கூடும் மணப்பெண் வாசலும்

என் மாமா மாதாவுக்குச் செய்த கூடு அழகாகத்தான் இருந்தது. கோயில் வாசலால் வெளியே வராது என்பது ஒன்றுதான் அதிலிருந்த குறை. அந்தக் குறையும் திருவிழா அன்று, பூசை முடிந்து, மாதாவைக் கூட்டில் ஏற்றித் தோள் கொடுத்துத் தூக்கிய பிறகுதான் தெரிய வந்தது.

ஜேர்மனியில் உலகக்கிண்ண உதைபந்தாட்டம் நடந்த கோடை அது. எனக்குப் பத்து வயது. கெல்சென்கிர்சென் நகரத்தை விட்டு வடக்கே போனால் சுரங்கக் கோபுரங்கள் முடிந்து சோள வயல்களும் குதிரைகளும் தொடங்கும். அப்படித் தொடங்குகிற இடத்திலிருந்த ஒரு சின்ன ஊரில் நாங்கள் இருந்தோம். அப்பா அங்கே பாணும் கேக்கும் சுடும் வெதுப்பகத்தில் வேலை செய்தார். அம்மா ஊர்க் கோயிலைத் துப்புரவு செய்தார். மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கர் நாங்கள். எங்கள் வீட்டில் தேவாலயம் என்ற சொல் கிடையாது, கோயில்தான்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே கோயிலுக்குப் போய்விடுவேன். அம்மா நிலம் துடைப்பார். நான் நீள மர வாங்கில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வேன், அதாவது செய்வதாகச் சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்க நிறைய இருந்தது. எண்ணூறு வருடங்களுக்கு மேற்பட்ட கோயில் அது. மணற்கல்லால் கட்டிய சுவர்கள். சுவரின் தடிப்புக்குள் நான் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். ஜன்னல்கள் எட்டாத உயரத்தில், வளைந்த தலையோடு, ஒவ்வொன்றும் தலையணை அளவில் இருந்தன. வடக்குச் சுவரில் புனித கிறிஸ்தோப்பர் குழந்தை இயேசுவைத் தோளில் வைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்துகொண்டிருந்தார். எத்தனையோ காலம் சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்திருந்தவரைச் சுரண்டி வெளியே எடுத்திருந்தார்கள். சுரண்டியதில் அவருடைய மூக்கும் ஒரு கண்ணும் போய்விட்டன. காலடியில் மீன்கள் மட்டும் பழுதில்லாமல் நீந்தின. ஞானஸ்நானத் தொட்டியைச் சுமந்த கல் சிங்கங்கள், சிங்கத்தைக் காணாத ஒருவர் செதுக்கியவை என்று பார்த்ததும் தெரியும். எல்லாம் பூனை முகத்தோடு சிரித்தன.

அந்தக் கோயிலைத் திறந்து பூட்டி, மணியடித்து, பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பவர் உயரமான ஒரு ஜேர்மன் அம்மா. மன்னாரில் அந்த வேலை செய்கிறவரைச் சங்கிலித்தாம் என்பார்கள். அதனால் அவரை நாங்கள் வீட்டில் சங்கிலித்தாம் அம்மா என்றோம். அவருக்குப் பேச ஆள் வேண்டும். என் அம்மாவுக்கு அந்த நாளில் ஜேர்மன் மொழி பாதிதான் விளங்கும். ஆகவே அவர் அம்மாவைப் பார்த்துப் பேசுவார், நான் வாங்கில் இருந்தபடி தமிழில் சொல்வேன்.

எல்லாரும் வந்துபோகிற ஒரே வாசலான தெற்கு வாசல் ஏன் இவ்வளவு சின்னது என்று ஒருநாள் அப்படித்தான் தெரிந்தது. வெளியே நின்று பார்த்தால் பெரிய வளைவு ஒன்று தெரியும், கல்லில் கொடியும் திராட்சையும் செதுக்கிய வளைவு. ஆனால் உள்ளே வரும் வழி அதற்குள் ஒரு கூண்டு வாசல் மாதிரித்தான் இருந்தது. பழைய காலத்துச் சண்டையொன்றில் ஊர்ச் சனம் மாடு, பன்றி, கோழிகளோடு கோயிலுக்குள் ஓடி ஒளிந்ததாம். குதிரைக்காரர் உள்ளே பாயாமலிருக்க வாசலைக் கல் வைத்துக் குறுக்கினார்களாம். சண்டை முடிந்த பிறகு அதைத் திரும்பப் பெருப்பிக்க ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

நான் இதைச் சொன்னபோது அம்மா துடைப்பதை நிறுத்தினார்.

"மாடும் உள்ளுக்கையோ?"

"ஓமாம்."

"எங்கட ஆக்களும் கோயிலுக்குள்ளதான் ஓடினவை," என்றார் அம்மா. "மாடு கொண்டுபோகேல்லை." பிறகு துடைக்கும் துணியைப் பிழிந்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

மன்னாரின் மடு மாதா திருநாளை எங்கள் ஜேர்மன் ஊர்க் கோயிலில் கொண்டாட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. எங்கள் ஊரில் தமிழ்க் குடும்பம் நாங்கள் மட்டும்தான். சுற்றுவட்டத்து ஊர்களில் ஒன்றும் இரண்டுமாக இருந்தவர்கள் திருநாளுக்குத் தூர இடங்களுக்கு ரயில் ஏறினார்கள். அப்பா ஊர்ப் பாதரிடம் கேட்டார். பாதர் பங்குச் சபையிடம் கேட்டார். சபையில் சோள வயல்கள் வைத்திருந்த, பெரிய மீசைக் கமக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கு இது பிடிக்கவில்லை. அப்பா கேட்ட சனிக்கிழமை பின்னேரம் அவருடைய மகளுக்கு அதே கோயிலில் கலியாணம். பழைய கட்டடம், ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டாராம். கடைசியில் பாதர் ஒரு வழி சொன்னார்: காலையில் பூசையும் பவனியும் நடத்துங்கள், மத்தியானத்துக்குள் கோயிலைத் துப்புரவாகத் தந்துவிடுங்கள், நல்லபடி நடந்தால் வருடாவருடம் நடத்தலாம். நடக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அப்பா அதை விளங்கிக்கொண்டார்.

மாதா சொரூபத்தைக் கொலோனில் ஒரு குடும்பம் இரவல் தந்தது. அதை வைத்துத் தோளில் தூக்கிச் செல்லும் கூட்டைச் செய்யும் பொறுப்பை மாமா கேட்காமலே எடுத்துக்கொண்டார். மாமா அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். மேசை கதிரை விற்கும் ஒரு தளபாடக் கடையின் களஞ்சியத்தில் வேலை. எனக்கு இது தெரியாது என்று சொல்லத் தெரியாத மனிதர். எங்கள் வீட்டுச் சலவை இயந்திரத்தையும் அவர்தான் திருத்தினார். அன்றிலிருந்து அது ஓடும்போது ஒருவர் அதன் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கூட்டை அவர் பகுதி பகுதியாக வீட்டில் அரிந்து, காரில் ஏற்றிக் கொண்டுபோய், கோயிலுக்குள் வைத்துப் பொருத்தினார். நாலு தூண், மேலே கோபுரம், கோபுரத்தின் மேல் முடி, முடியின் மேல் சிலுவை. பொருத்துகளில் ஆணியோடு கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு பசையும் பூசினார். "இனி யானை இழுத்தாலும் கழலாது," என்றார் பெருமையாக. அது உண்மை என்று பிறகு தெரிந்தது. வாசலையும் அவர் அளந்திருந்தார். ஆனால் அளக்கப் போன நாள் கோயில் பூட்டியிருந்ததால், வெளியே நின்று அந்தப் பெரிய வளைவை அளந்துவிட்டு வந்திருந்தார்.

திருநாள் அன்று கோயில் நிறைந்துவிட்டது. கெல்சென்கிர்சென்னிலிருந்தும் கொலோனிலிருந்தும் கார் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வாங்குகளில் பட்டுச் சேலைகள். வேறொரு நகரத்திலிருந்து வந்த தமிழ்ச் சுவாமி பூசை வைத்தார். கிறிஸ்தோப்பர் ஒற்றைக் கண்ணால் எங்களைப் பார்த்தார். பூசை முடிந்து, "மரியே வாழ்க" என்று சொல்லி அப்பாவும் மாமாவும் வேறு சிலரும் கூட்டைத் தூக்கினார்கள். வெள்ளையும் நீலமுமாகப் பூ வைத்த கோபுரம் வாங்குகளுக்கு மேலே மிதந்து வந்தது. தெற்கு வாசலுக்கு வந்தது. நின்றது.

தாழ்த்திப் பார்த்தார்கள். சரித்துப் பார்த்தார்கள். உயரம் ஒருபக்கம் இருக்க, அகலமே போதவில்லை. பின்னால் நின்றவர்களுக்கு முன்னால் என்ன நடக்கிறதென்று தெரியாததால் அவர்கள் பாட்டைத் தொடர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். மெல்ல மெல்லப் பாட்டு ஓய்ந்தது.

"கழட்டுங்கோவன்," என்றார் யாரோ.

மாமா கோபுரத்தைத் தடவிப் பார்த்தார். "ஏலாது," என்றார். "பசை போட்டிருக்கு."

மாதாவை இறக்கிக் கையில் கொண்டுபோகலாம் என்றார் அம்மா. அப்பா அதற்கும் சரி என்பார் போலிருந்தது. ஆனால் மாதாவை இறக்கினாலும் கூடு நடுக்கோயிலில் நிற்கும். பின்னேரம் கலியாணப் பெண் எந்தப் பக்கத்தால் நடப்பாள்? மாமா கடைசி வாங்கில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்து மீசைக்காரர் வந்தார். கையில் கலியாண அலங்காரத்துக்கான வெள்ளை ரிபன் சுருள். பின்னால் அவருடைய மகள். அன்றைக்குக் கலியாணம் ஆகப்போகிறவள் உதைபந்தாட்டக் குழுவின் பெனியன் போட்டு, தலை முழுக்க முடி சுருட்டும் குழாய்களோடு வந்திருந்தாள். மீசைக்காரர் கூட்டைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு முகம் சிவந்து, கூட்டை வெட்ட வீட்டுக்குப் போய் மரம் அரியும் வாள் எடுத்து வருவதாகவும், தான் இதை முதலே சொன்னதாகவும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

மாமா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "அவர் என்னவாம் பிள்ளை?"

"வீட்டை போய் மரவேலை ஆயுதம் ஒண்டு எடுத்துக்கொண்டு வாறாராம்." எதற்கென்று நான் சொல்லவில்லை.

"நல்ல மனிசன்," என்றார் மாமா.

சங்கிலித்தாம் அம்மா வடக்குச் சுவருக்குப் போய், கிறிஸ்தோப்பரின் மீன்களுக்குப் பக்கத்தில் நின்ற பாட்டுப் புத்தக அலுமாரியைத் தட்டினார். "இதற்குப் பின்னால் இன்னொரு கதவு இருக்கிறது," என்றார். நான் உரத்த குரலில் தமிழில் சொன்னேன். கோயில் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

அதற்குப் பெயர் மணப்பெண் வாசல். அந்தக் காலத்தில் கலியாணம் கோயிலுக்குள் நடப்பதில்லையாம். அந்த வாசலுக்கு வெளியே, ஊர் பார்க்க, சம்மதம் சொல்லிக் கைப்பிடித்த பிறகுதான் பூசைக்கு உள்ளே வருவார்களாம். சண்டைக் காலத்தில் இதையும் குறுக்கியிருப்பார்கள். ஆனால் இதற்கு உள்ளே பெரிய குறுக்கு மரம் இருந்ததால், அதைப் போட்டு அடைத்ததே போதும் என்று விட்டுவிட்டார்கள். அது கடைசியாகத் திறந்ததைச் சங்கிலித்தாம் அம்மாவின் தாயாரும் கண்டதில்லை. திறக்கலாமா என்று அவர் கேட்கும்போதெல்லாம் சபையில் அதற்கு ஓர் அன்றாக், அதாவது விண்ணப்பம், எழுத வேண்டும், அலுவலகத்தில் டெர்மின் என்று நேரம் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள்.

"யாரைக் கேட்டுத் திறப்பது?" என்றார் தமிழ்ச் சுவாமி.

கலியாணப் பெண் முன்னுக்கு வந்தாள். "இந்தக் கதவின் பெயர் என்ன?" என்று கேட்டாள். "மணப்பெண் வாசல். இன்றைக்கு மணப்பெண் நான். திறவுங்கள்."

அலுமாரியை நகர்த்தினார்கள். பின்னால் சிலந்தி வலை மூடிய ஓக் மரக் கதவு, உச்சியில் வட்டமாக. அதன் குறுக்கே என் உடம்புத் தடிப்பில் ஒரு மரம். ஆணியோ பூட்டோ கிடையாது. சுவருக்குள்ளேயே நீளமாக ஒரு குழி விட்டிருந்தார்கள். கதவைத் திறக்க மரத்தை அந்தக் குழிக்குள் தள்ள வேண்டும், மூட வெளியே இழுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் மரம் பருத்து இறுகியிருந்தது. மாமா தள்ளினார். அப்பா தள்ளினார். அது கல்லோடு கல்லாக நின்றது.

அப்போது அம்மா விளக்குக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் திறந்தார். கோயிலைத் தினமும் துடைப்பவர், நிலம் பழுதாகும் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் தயங்காமல் மரத்தின் மேலும் கீழும் ஊற்றினார். கொலோன் பெண்கள் தங்கள் கைப்பைகளிலிருந்த தலைக்கு வைக்கும் எண்ணெயையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். திரும்பவும் தள்ளினார்கள். அசைந்தது போலிருந்தது.

மீசைக்காரர் வாளோடு வந்து சேர்ந்தபோது கண்ட காட்சி இதுதான்: எண்ணூறு வருடத்துக் கதவின் முன் வேட்டியை மடித்துக் கட்டிய தமிழர்கள், நடுவில் கட்டளையிட்டுக்கொண்டு தன் மகள், கோயில் முழுக்கத் தேங்காயெண்ணெய் மணம். அவர் வாயைத் திறந்தார்.

"அப்பா," என்றாள் மகள், "உங்கள் தோளும் வேண்டும்."

அவர் வாளைக் கல் சிங்கத்தில் சாய்த்து வைத்தார். தன் நல்ல சட்டையின் கையை மடித்தார். மாமாவுக்குப் பக்கத்தில் போய்த் தோளைக் கொடுத்தார். மாமா தமிழில் "ஒண்டு, ரெண்டு" என்றார். அவர் ஜேர்மனில் எண்ணினார். இரண்டு மொழியிலும் மூன்று ஒரே நேரத்தில் வந்தது. சுவருக்குள் இடி உருண்ட மாதிரி ஒரு சத்தம். மரம் குழிக்குள் போய்விட்டது.

கதவை இழுத்தபோது வெளிச்சம் வரவில்லை. பச்சையாக இலைகள் உள்ளே விழுந்தன. வெளியே ஒரு ஹொலுண்டர் மரம் கதவோடு ஒட்டி வளர்ந்து, கீழே, பட்டால் அரிக்கும் சுணைச் செடிகள் இடுப்பளவுக்கு நின்றன. மீசைக்காரர் திரும்பிப் போய்த் தன் வாளை எடுத்து வந்தார். வேறு ஒன்றுக்காகக் கொண்டுவந்த வாள் அது. குனிந்து மரத்தை அரியத் தொடங்கினார். மாமா கொப்புகளை இழுத்து எறிந்தார். சுணைச் செடிகளை அம்மாவும் மற்றப் பெண்களும் செருப்புக் காலால் மிதித்துப் பாதை செய்தார்கள். பிறகுதான் வெளிச்சம் வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்து நான் பார்த்ததேயில்லை. தொட்டிக்குக் கீழே ஒரு சிங்கத்துக்கு நாக்கு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பவும் தோள் கொடுத்தார்கள். கூடு மெல்ல நகர்ந்தது. கோபுரம் வளைவுக்குள் போனது, முடி போனது. சிலுவைக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு விரல் போகும் இடைவெளி இருந்தது. மாதா வெளியே வெயிலில் நின்றார்.

சங்கிலித்தாம் அம்மா மணிக் கோபுரத்துக்கு ஓடிக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அந்த மணிச் சத்தத்தில் ஊர் ஜன்னல்கள் திறந்தன. உதைபந்தாட்டத்துக்காகக் கட்டிய கறுப்பு சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு மேலால் தலைகள் எட்டிப் பார்த்தன. நாங்கள் பாடிக்கொண்டு கோயிலைச் சுற்றினோம். வெதுப்பகத்துக்குப் பாண் வாங்க வந்தவர்கள் பையோடு பின்னால் சேர்ந்தார்கள். சைக்கிளில் போன ஒருவர் இறங்கித் தொப்பியைக் கழற்றினார். மீசைக்காரர் மரத்தூள் படிந்த சட்டையோடு கூட்டின் பின்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு நடந்தார். யாரும் அவரை அழைக்கவில்லை, யாரும் அவரை விலக்கவும் இல்லை. அப்பா முன்னால் நடந்தார். எங்கள் ஊர்த் தெருவில் அவர் அவ்வளவு நிமிர்ந்து நடந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

சுற்றி முடித்து மாதாவை லிண்டன் மரத்தின் கீழே இறக்கி வைத்தோம். மாமா நெற்றியைத் துடைத்தார். "நான் உந்தக் கதவுக்குத்தான் அளந்தனான்," என்றார். அம்மா அவரைப் பார்த்தார். நான் நம்பிவிட்டேன், பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் கலியாணப் பெண் வெள்ளை உடுப்போடு வந்தபோது தெற்கு வாசலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கோயிலைச் சுற்றி நடந்து மணப்பெண் வாசலுக்கு வந்து நின்றாள். ஊர்ப் பாதர் சிரித்துவிட்டு, சம்மதம் கேட்பதை அந்த வாசலிலேயே வைத்துக்கொண்டார், பழைய காலத்தில் கேட்டது போல. வீட்டுக்குப் போக வேண்டிய தமிழர் ஒருவரும் போகவில்லை. கூட்டில் மிஞ்சிய பூக்களை உதிர்த்து மணமக்கள் மேல் எறிந்தோம். மரத்தடியில் அவர்கள் கேக் மேசை போட, எங்கள் பெண்கள் ரோல்ஸும் வடையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். மீசைக்காரர் அப்பாவின் கையைப் பிடித்து, அடுத்த வருடம் ஹொலுண்டர் மரம் திரும்பத் துளிர்க்காமல் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அப்பாவுக்கு விளங்கிவிட்டது.

எல்லாரும் மேசையைச் சுற்றி நின்ற நேரம் அம்மா தன் பையை என்னிடம் தந்தார். "இதை வைச்சிரு பிள்ளை, வாறன்," என்று சொல்லிவிட்டுத் தெற்கு வாசலால் கோயிலுக்குள் போனார். நிலத்து எண்ணெயைத் துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் பொறுத்து அப்பாவும் போனார்.

இருவரும் மணப்பெண் வாசலால் வெளியே வந்தார்கள். அம்மா அப்பாவின் முழங்கையைப் பிடித்திருந்தார். அப்பாவின் சட்டை முழுக்க எண்ணெயும் மரத்தூளும். கதவைச் சாத்த நின்ற சங்கிலித்தாம் அம்மா சாத்தாமல் ஒதுங்கினார். பிறகு குனிந்து, நிலத்தில் கிடந்த பூவிதழ்களில் ஒரு பிடி அள்ளி அவர்கள் மேல் போட்டார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். வெயில் கண்ணில் படுகிறது என்று நினைத்தேன்.

அவர்கள் இருவரும் அகதிகள் விடுதியில், வேறு இடம் கிடைக்காமல், உடுப்புத் தோய்க்கும் அறையில் நின்று கலியாணம் கட்டியவர்கள். யாரோ போட்ட உடுப்பு இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருந்ததாம். அவசரமாக வந்த பாதருக்கு அந்தச் சத்தத்தில் அம்மா சொன்ன சம்மதம் கேட்கவில்லையாம், இரண்டாம் தரம் சொல்லச் சொன்னாராம். இதை அம்மா எனக்குச் சொன்னது நான் வளர்ந்து, என் கலியாணத்துக்குச் சேலை எடுக்கப் போன நாளில். அன்றைக்கு லிண்டன் மரத்தடியில் நின்ற எனக்குத் தெரிந்ததெல்லாம் செர்ரி வைத்த கேக் முடியப்போகிறது என்பதுதான். பையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டி, கெதியாய், ஓடி வாங்கோ என்று கூப்பிட்டேன்.

அவர்கள் கெதியாய் வரவில்லை.